பலகை பிடிக்கிற கை

என் ரத்தத்தையே ஒரு குழாய் நிறைய எடுத்து, எந்திரத்தில் வைத்துச் சுற்றினார்கள். மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை ஊசியில் இழுத்து என் வலது தோளிலேயே குத்தினார்கள்.

"என் சரக்கை எனக்கே விக்கிறீங்களே டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தசைநார் பாதிதான் கிழிஞ்சிருக்கு. இந்த ஊசி சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. நான் சொல்ற வரைக்கும் கையைத் தோளுக்கு மேல தூக்காதீங்க. மீதியும் அறுந்துச்சுன்னா ஊசியால ஒண்ணும் பண்ண முடியாது."

கூரைக்கு அடியில் ஜிப்சம் பலகை அடிப்பது எங்கள் தொழில். நான் இரண்டு கையாலும் பலகையைத் தாங்கிப் பிடிப்பேன். என் மச்சினன் ஏணியில் நின்று ஸ்க்ரூ முடுக்குவான். அவன் "விடுங்க" என்று சொல்லாமல் நான் கையை எடுத்ததே கிடையாது. கையைத் தூக்க முடியாதவனுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

ஊசிக்குப் பிறகு வீட்டில் கிடந்தேன். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டே மனைவி உயிரை வாங்கினாள். தொல்லை விட்டால் போதும் என்று, "வலி போயே போச்சுடி" என்று புளுகினேன். அதை அப்படியே தன் தம்பி காதிலும் போட்டுவிட்டாள்.

மச்சினன் எனக்குப் பதிலாக வேறு ஆள் சேர்க்கவில்லை. பலகைக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்துத் தனியாகவே சமாளித்துக்கொண்டிருந்தான். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். நான் உள்ளே நுழையவும் முட்டுக்கட்டை வழுக்கவும் சரியாக இருந்தது. பலகை அவன் தலைப்பக்கம் சாய்ந்தது. என் இரண்டு கையும் என்னைக் கேட்காமலே மேலே போய்விட்டன.

"அப்படியே புடிங்க மாமா!"

நாலைந்து ஸ்க்ரூ ஏறினால் பலகை தானாக நிற்கும். எனக்குத் தெரியாதா? ஏறிவிட்டது. ஆனால் அவன் சொல்லவில்லை, நான் விடவில்லை. பலகையை நேராக்க அவன் ஒரு முனையைத் தட்டினான். தோளுக்குள் ஈரத்துணி கிழிவது போல ஏதோ கிழிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், மடையன்.

"விடுங்க மாமா."

வலது கை தொப்பென்று விழுந்தது.

அவன் ஏணியிலிருந்து குதித்தான். "தூக்கிட்டீங்களே மாமா! வலி போச்சுன்னு அக்கா சொன்னப்ப நான் நம்பவே இல்ல!" அவன் கண்ணெல்லாம் தண்ணீர். அடுத்த பலகையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனைக்காக என்னைப் பார்த்தான்.

கையைத் தூக்கப் பார்த்தேன். தோள் அசையவே இல்லை.

"வேற ஆளப் பாருடா" என்றேன்.

வழக்கம்போல் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து, அவன் வாய்விட்டுச் சிரித்தான்.