தோணிக் குழம்பு

ஜெனோ பள்ளிக்கூடத்திலிருந்து கட்டைவிரலில் கட்டோடு வந்தான். யாரோடு சண்டை என்று கேட்டேன். "சண்டையில்லம்மா, சாளை மீனு. செதிள் சுரண்டையில கத்தி வழுக்கிட்டு" என்றான், மெடல் வாங்கி வந்தவன் மாதிரி.

சிஸ்டர்கள் நடத்தும் நடுநிலைப் பள்ளி அது. புதிதாக வந்த தலைமையாசிரியை சிஸ்டர் ஜெஸ்லின் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு வாழ்க்கைக் கல்வி என்று பெயர் வைத்திருந்தார். எட்டாம் வகுப்புப் பையன்களுக்குச் சமையல், பொத்தான் தைப்பது, துணி தேய்ப்பது. பெண்பிள்ளைகளுக்கு ப்ளக் மாட்டுவது, சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது. தலைகீழாக நின்றாலும் கணக்கில் பாஸாகாத என் மகன், மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது நேற்றையதா இன்றையதா என்று சொல்லப் பழகிவிட்டான்.

என் வீட்டுக்காரர் பாஸ்கலுக்கு வந்ததே கோபம். "ஆம்பிளப் பயலுக்கு எதுக்குலே அருவாமனை? கடலுக்குப் போறது நம்ம வேல. உலை வைக்கது பொம்பளைய வேல." அவர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் சுக்கான் பிடிக்கிறவர். ஆடிக் காற்றில் தோணிகள் ஓடாது, செப்டம்பர் வரைக்கும் கரையில்தான் இருப்பார். கரையில் இருக்கும்போது குசினி வாசலைத் தாண்டி அடுப்புப் பக்கம் வர மாட்டார். குடிக்கிற தண்ணீர்கூட உட்கார்ந்த இடத்துக்கு வரவேண்டும். திங்கட்கிழமை சாயங்காலமே சிஸ்டரிடம் சண்டைக்குக் கிளம்பினார். மனிதர் ஏதாவது உளறி வைப்பாரே என்று நானும் பின்னாலேயே போனேன்.

சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரையில கரி மூட்டி, கடலுக்குப் போயிட்டு வந்த சீடர்களுக்கு மீன் சுட்டு வச்சாரு. ஜெனோவுக்கு மட்டும் ஆகாதா அண்ணாச்சி?" இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வழி முழுக்கச் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கு அந்தப் பாடம் தேவையாக இருந்தது. நான் ஏற்றுமதி கம்பெனியில் காலை ஷிப்டில் இறால் உரிக்கிறேன். இப்போது சூப்பர்வைசராக வரச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். ஆனால் அந்த ஷிப்ட் மதியம் தொடங்கி ராத்திரி பத்து மணிக்கு முடியும். எனக்கு அந்த வேலை வேண்டும். ஐஸில் விரல் மரத்துப்போய் நின்றவள், நாலு பேருக்கு வேலை சொல்லவும் தெரிந்தவள் என்று காட்ட ஆசைப்பட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு என்ன வெட்கம்?

"நான் தோணியில கெடக்கையில பய ராப்பட்டினி கெடக்கணுமா?" என்றார்.

"அவன்தான் பொங்கப் படிக்கானே."

"படிச்சுக் கிழிச்சான். பெற்றோர் கூட்டத்துல குழம்பு வைக்கச் சொல்லியிருக்காவல்லா? அத நாலு பேரு துப்பாம தின்னா, நீ போ. இல்லன்னா பேசாம இறாலு உரி."

சரி என்றேன். எனக்கு மகன்மேல் நம்பிக்கை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. அவன் வீட்டில் பழகிப் பார்த்து நான் கண்டதே இல்லை. சனிக்கிழமைகளில் அவனுக்கு லீவு, எனக்கு வேலை. வேலை முடிந்து வந்தால் அந்த வெக்கையிலும் குசினிச் சன்னல் சாத்தியே கிடக்கும். கேட்டால், "பூனை வருதும்மா" என்பான். இவர் பாயில் படுத்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தது. வர மாட்டேன் என்றவர் பள்ளிக்கூட கேட்டோரம் பூவரசமரத்தடியில் நின்றார். வராந்தாவில் ஒரு பக்கம் பெண்பிள்ளைகள் பல்பு எரிய வைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பையன்களின் அடுப்புகள். ஜெனோ விளைமீனை வால் பக்கமிருந்து சுரண்டினான், வயிற்றைக் கீறினான், பித்தப்பை உடையாமல் குடலை எடுத்தான்.  என் மகனா என்று பார்த்தேன். ஆனால் அவன் தக்காளியைத் தொடவில்லை. பச்சைத் தேங்காயையும் ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து கொப்பரையை எடுத்து வறுத்து அரைத்தான். குழம்பு கருத்து வந்தது. இது என் குழம்பு இல்லையே, போச்சு என்று நினைத்தேன்.

முதலில் ருசி பார்க்க வந்தவர் ஆன்றோ. பாஸ்கல் போகும் தோணியின் தலைவர், தண்டல் என்பார்கள். அவர் மகள் ஜெமிமாவும் ஜெனோ வகுப்புதான். ஒரு வாய் வைத்தார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். பிறகு கேட்டைப் பார்த்து ஒரே சத்தம்.

"ஏலே பாஸ்கலு! கொப்பரை போட்ட நம்ம தோணிக் குழம்ப பயலுக்குச் சொல்லிக் குடுத்திட்டியேல!" என்னிடம் திரும்பினார். "தங்கச்சி, ஒன் வீட்டுக்காரன் மாதிரி ஒரு பண்டாரி இந்தக் கரையிலயே கெடையாது. இவன் பொங்குதான்னுதான் எங்க பயலுவ தோணியில ஏறுதானுவ."

பண்டாரி என்றால் தோணியில் சமைக்கிறவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெனோ வயிற்றில் இருந்தபோது சோற்று வாசம் ஆகாமல் குமட்டக் குமட்ட உலை வைத்தேன். சிக்குன்குனியா வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கஞ்சி காய்ச்சினேன். தோணி முழுக்கச் சோறு போடுகிற மனிதர் பாயில் உட்கார்ந்து, உப்பு கம்மி என்றார். அவர் முன்கைத் தழும்புகளைச் சுக்கான் கயிறு உரசியது என்று நம்பி நான் எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். அந்தச் சட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று இருந்தது. நல்லவேளை, சட்டி காலியாகிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கேட்டேன். "ஏன் மறைச்சிய?"

"பொண்ணு பேசையில எங்க வீட்டுல, சுக்கான் பிடிக்கான்னு சொல்லிட்டாவ. கரையில பண்டாரின்னா ஒரு எளக்காரம்."

"அது போவட்டும். பய தோக்கணும்னு இருந்தவரு அவனுக்கு எதுக்குச் சொல்லிக் குடுத்திய?"

செருப்பால் ஒரு கல்லைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "வீட்டுல ஒருநாளு அவன் சாளை வெட்டுததப் பாத்தேன். பாத்துக்கிட்டு இருக்க முடியல."

சனிக்கிழமை கம்பெனியில் சம்மதம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை நான் உலை வைக்கவில்லை. மீனை வாங்கி, அருவாமனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.  புது வெள்ளைக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வாசலில் இறங்கும்போது உள்ளே கடுகு வெடித்தது. குசினிச் சன்னல் சாத்தியிருந்தது.

வீட்டைச் சுற்றிப் போய் வெளியே நின்று இழுத்துப் பார்த்தேன். கொக்கி மாட்டவில்லை. இரண்டு கதவையும் சுவரோடு சுவராக விரியத் திறந்தேன். புகைக்குள் கைலியை மடித்துக் கட்டி, கரண்டியோடு நின்றார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். 

தெருக்குழாயில் குடம் வைத்திருந்த எதிர்வீட்டு விஜிலா மைனி மூக்கை உறிஞ்சினாள். "ஏளா கிளாடிஸு, நீதான் வேலைக்குக் கெளம்பிட்டியே, உள்ள யாரு தாளிக்கா?"

நான் சன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கை சன்னல் கதவுக்கு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கதவைச் சாத்தாமல் மேலே எட்டி, பரணில் இருந்த கொப்பரை டப்பாவை எடுத்தது.