அம்மா கால் வைக்காத தரை

அழைப்பு மணி அடித்தபோது மகள் தூரில் அம்மாவின் மோவாய்க்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்த தாதி அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். வாய் இன்னும் சரியாக மூடவில்லை. துண்டை எடுத்து, இன்னும் இறுக்கமாகச் சுருட்டி, மறுபடி வைத்தாள். மணி மறுபடி அடித்தது.

வாசலில் எலக்ட்ரீஷியன் ஐவின். ஒரு பூட்ஸைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்ற ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கருவிப் பெட்டி.

"என்னா காத்து! வண்டிக் கதவைத் திறக்கறதுக்கே ரெண்டு ஆள் வேணும். பாத்ரூம் தரைக்கு இன்னிக்கு கனெக்‌ஷன் குடுத்துடறேன். யூருன் எப்படி இருக்காங்க?"

"அம்மா செத்துட்டாங்க. காலைல."

அவன் காலை அப்படியே கீழே ஊன்றினான். திரும்பி முற்றத்துக் கம்பத்தைப் பார்த்தான். வெறும் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கொடி ஏத்தலையே? அரைக் கம்பத்துல கொடியப் பாத்திருந்தா வண்டிய அப்படியே திருப்பியிருப்பேனே நான்."

சாவு நடந்த வீட்டில் அரைக் கம்பத்தில் கொடி ஏற்றுவது இங்கே வழக்கம். தூரிலுக்கும் அப்போதுதான் உறைத்தது. டாக்டர் போனதுமே அவள் அப்பாவிடம் கேட்டாள், கொடி ஏத்தலையா என்று. காற்று அடங்கட்டும் என்றார். இந்தத் தீவில் காற்று எப்போது அடங்கியிருக்கிறது?

"நான்தான் ஏத்தல," என்றது அவளுக்குப் பின்னால் அப்பாவின் குரல். "கொடியப் பாத்தா நீ போயிருவேன்னு தெரியும். உள்ள வா. காபி சூடா இருக்கு."

"அப்பா!"

"நாளைக்குப் படகு விட்டா அவளக் கொண்டுபோயிருவாங்க. அவ வீட்ல இருக்கும்போதே முடிச்சிடணும்."

"யாருக்காக முடிக்கணும்? யாரு நிக்கப் போறா அதுல? சொல்லுங்க!"

அப்பா ஆர்ன்ஃபின் மகளைப் பார்க்கவில்லை. ஐவினின் காலைப் பார்த்தார். "அந்த பூட்ஸக் கழட்டு. இல்லாட்டி ரெண்டையும் போட்டுக்க. நடுவுல நிக்காத."

ஐவின் தூரிலைப் பார்த்தான். அவள் வழிவிடவில்லை. அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனார். பெட்டி போன பிறகு அவனுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

டைல்ஸுக்கு அடியில் மின்கம்பி பதித்துக் குளியலறைத் தரையைச் சூடாக்காத வீடு இந்தத் தீவில் அநேகமாக இது ஒன்றுதான். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்பது என்றால் சண்டையெல்லாம் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்வந்தால், "அவங்க வீட்ல தரை ரொட்டி மாதிரி இருக்கு," என்பாள். அவ்வளவுதான். அப்பா செய்தித்தாளைப் புரட்டுவார். "டைல்ஸுன்னா சில்லுனுதான் இருக்கும். சாக்ஸ் எதுக்கு இருக்கு?" அம்மா இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு பல் தேய்க்கப் போவாள். குளித்து முடித்ததும் ஈரக் காலோடு கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்து, கால்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு துவட்டுவாள். அப்படி உட்கார்ந்திருக்கையில் ஒரு சிறுமியைப் போல இருப்பாள்.

இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டுபோய்க் குளியலறைத் தரையை உடைத்தார்.

அதிலிருந்து அம்மாவுக்கு அவளுடைய சொந்த வீட்டில் குளியலறை இல்லை. கூடத்தில் கட்டில். கட்டிலருகில் நகராட்சி கொடுத்த, மலஜலம் கழிக்க ஓட்டை வைத்த நாற்காலி. பாத்திரத்தில் வெந்நீர் கொண்டுவந்து தூரில் அவளைத் துடைத்துவிடுவாள். சுவருக்கு அப்பால் கல் அறுக்கும் இயந்திரம் அலறும். வெள்ளைத் தூசி கதவிடுக்கு வழியாக வந்து போர்வையில் படியும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "உங்கப்பா நல்லா வேலை செய்றார் இல்ல?" என்பாள்.

தூரில் கூடத்துக்குத் திரும்பினாள். ஜன்னல் முழுதாகத் திறந்திருந்தது. ஹீட்டர்களை அணைத்தாகிவிட்டது. சவப்பெட்டிக்காரர் அக்கரையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். படகு ஓடும்வரை அறையை எவ்வளவு குளிராக வைக்க முடியுமோ அவ்வளவு குளிராக வையுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார். அவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் போட்டிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இத்தனை நாளும் அப்பா இந்த நாற்காலியில் எத்தனை முறை உட்கார்ந்தார் என்று யோசித்தாள். வருவார். கைகளில் காரை காய்ந்து வெடித்திருக்கும். "கம்பி போட்டாச்சு," என்பார். "காரை ஊத்தியாச்சு." "டைல்ஸ் ஒட்டியாச்சு." மேலதிகாரியிடம் ஒப்பிப்பதுபோல. அம்மா கையை நீட்டுவாள். அவர் தன் கையைக் காட்டி, "அழுக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரவில் அம்மா முனகும்போது எழுந்தது தூரில். வாந்தியை ஏந்தியது தூரில். அவரோ தரையில் மண்டியிட்டு, நூல் பிடித்து, இடைவெளி தவறாமல் கம்பியை வளைத்து வளைத்துப் பதித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு மண்டியிட ஒரு இடம் தேவைப்பட்டது, கட்டிலருகில் அல்லாமல் வேறெங்காவது. இதை நினைத்ததும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. பல்லைக் கடித்தாள்.

சுவருக்கு அப்பால் ஐவின் கம்பிகளைச் சோதிக்கும் மீட்டர் கீச்சென்றது. அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போனாள்.

குளியலறையில் ஐவின் மட்டும் இருந்தான். சுவர்ப் பெட்டியிலிருந்து நீண்ட கம்பி முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அவர் எங்க?"

"மெயின் ஃபியூஸ் இறக்கக் கீழ போயிருக்கார்."

"நல்லது. உங்ககிட்டயும் எனக்கு ஒண்ணு கேக்கணும். எத்தன தடவ போன் பண்ணேன் உங்களுக்கு? காரை காயணும், காயாம ஸ்விட்ச் போட்டா வெடிச்சிரும்னீங்க. சரி, காஞ்சுது. அப்புறம்? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு. எங்கம்மா எந்திரிச்சு நிக்கற நிலைமைல இருந்தாங்க அப்போ. நான் பிடிச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தியிருப்பேன். ஒரே ஒரு நிமிஷம். அதுக்கு உங்களுக்கு நேரமில்ல!"

ஐவின் கம்பியைக் கீழே விட்டான். அவன் முகம் கழுத்துவரை சிவந்தது.

"அவங்கதான் வேண்டாம்னாங்க."

"யாரு?"

"யூருன். எனக்கு போன் பண்ணாங்க. நீங்க தூங்கும்போது பண்றேன்னு சொன்னாங்க. இழுத்தடி ஐவின், கேட்டா ஏதாவது சொல்லுன்னாங்க." படியிருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தரை முடிஞ்சுட்டா இந்த மனுஷன் என் பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு இருப்பார், அது அவருக்குத் தாங்காதுன்னாங்க. ரெண்டு தடவ வரேன்னேன். ரெண்டு தடவையும் தடுத்துட்டாங்க. நேத்து நானே முடிவு பண்ணி, இன்னிக்கு வரேன்னு உங்கப்பாவுக்குச் செய்தி அனுப்பினேன்."

தூரில் சுவரில் கை வைத்தாள். புது டைல்ஸ் சில்லென்று இருந்தது.

அம்மா அவளிடம் சொல்லவில்லை. கழுவி, துடைத்து, மடியில் தலையைத் தாங்கி, ராத்திரியெல்லாம் விழித்திருந்த மகளிடம் சொல்லவில்லை. அவள் அசந்த நேரம் பார்த்து, போனில் எண்களை அழுத்தி, வேறொருவனிடம் கிசுகிசுத்திருக்கிறாள். சாகும்போதும் அவருக்காக ஒரு ஏற்பாடு. "உங்கப்பா நல்லா வேலை செய்றார் இல்ல?" அந்த ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாளே! தூரிலுக்குக் கூடத்துக்கு ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அவர் தாங்கமாட்டார், சரி. நான் தாங்குவேன் என்று உனக்கு யார் சொன்னது?

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க," என்றான் ஐவின்.

படியில் காலடி கேட்டது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரையும் பார்த்தார்.

"என்ன சத்தம்?"

ஐவின் குனிந்து கம்பிகளைக் கோர்க்க ஆரம்பித்தான். அப்பா அவன் முதுகைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீ நேரத்தோட வந்திருந்தா அவ நின்னிருப்பா, ஐவின். நான் என் பங்கை முடிச்சிட்டேன். அவ நிக்காமப் போனதுக்கு நீதான் காரணம்."

ஐவினின் திருப்புளி ஒரு கணம் நின்றது.

"ஆமா," என்றான். "என் தப்புதான்."

தூரில் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. ஒரே வாக்கியம் போதும். அவர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தாங்கட்டும். அப்பாவின் கைகளைப் பார்த்தாள். காரை வெடித்த விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த கையையே மறுபடி மறுபடி. அவளுக்கு அந்தக் கைகளின்மேல் கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"வேலைய முடிங்க, ஐவின்," என்றாள். "அப்புறம் போறப்ப கொடிய ஏத்திட்டுப் போங்க. இவர் ஏத்த மாட்டார்."

அவன் ஏற்றினான். காற்றில் துணி விரிந்து இழுத்துக்கொண்டது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டுக் கம்பத்திலும், அதற்கடுத்த வீட்டிலும் கொடி பாதி உயரத்துக்கு ஏறியது. அப்பா இவை எதையும் பார்க்க வெளியே வரவில்லை.

வெளிச்சம் மங்கும்வரை அவள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சு புகையாக வந்தது. வாய் இப்போது மூடியிருந்தது. அம்மாவின் முகம் எதையும் ஒளித்துவைக்காத முகம்போல இருந்தது.

அப்பாவைக் காணவில்லையே என்று எழுந்து நடைக்கு வந்தாள். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. தரையில் சுவரோடு சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார் அவர். சாக்ஸைக் கழற்றியிருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து டைல்ஸின்மேல் அழுத்திவைத்திருந்தார்.

"சூடு ஏறுது," என்றார். "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. வந்து கால் வச்சுப் பாரு."

அவள் போகவில்லை. வாசலில் நின்றாள். அவளுடைய முகத்தில் வெதுவெதுப்பு வந்து பட்டது. அது அவளைத் தாண்டி நடையில் பரவி, அம்மா கிடந்த குளிர்ந்த கூடத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தூரில்?"

கதவை இழுத்துச் சாத்தினாள். அடியில் ஒரு விரற்கடை இடுக்கு இருந்தது. நடையில் கிடந்த கால்மிதித் துணியைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து, இடுக்கு மறையும்வரை அழுத்தினாள்.