மீந்துபோன களிம்பு

எதையாவது தூக்கிப் போடுவது என்றால் கோகிலாம்பாளுக்கு உயிரே போய்விடும். பாகூர் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த தெய்வநாயகத்தின் மனைவி அவள். நேற்றைய குழம்போ, சாயம்போன புடவையோ, அந்த வீட்டில் எது மீந்தாலும் கொல்லைப்புறத்தில் பருப்பில் கல் பொறுக்கும் அம்சவள்ளிக்குத்தான் வந்து சேரும். வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. பதினாலு வருஷத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில், காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக் கிள்ளி அவளுக்குக் கண் சிவந்தது.

"இன்னாடி அம்சா, கண்ணு ரெண்டும் கோவப்பழமாட்டம் கீது?" என்ற கோகிலாம்பாள் உள்ளே போய் ஒரு சின்ன டியூபோடு வந்தாள். "எங்க பொண்ணு சிவகாமிக்குக் கண்ணாடி போடறதுக்கு முன்னாடி பாண்டி டாக்டர் குடுத்த களிம்பு. பாதிக்கு மேல மீந்து கெடக்கு. ரெண்டு கண்ணுலயும் போடு, நல்லாயிடும்."

பாண்டி டாக்டர் மருந்தாயிற்றே! அம்சவள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

மறுநாள் வெயிலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. முறத்தில் கல் எது, பருப்பு எது என்றே தெரியாமல் எல்லாம் கலங்கிக் கிடந்தது.

"மருந்து வேலை செய்யுது, அதான். வுடாம போடு," என்றாள் கோகிலாம்பாள். சொல்பவளுக்கு என்ன, அவள் கண்ணா போகிறது?

அம்சவள்ளி விடாமல் போட்டாள். மூன்றாம் நாள் வலது கண்ணும் அந்தப் பக்கத்துத் தலையும் வலியில் பிளந்தன. வாந்தி வேறு. விளக்கைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிந்தது. புருஷன் சுப்புராயன் ஒத்தடம் கொடுத்தே இரண்டு நாளைக் கடத்திவிட்டு, பிறகுதான் பஸ் ஏற்றிப் பாண்டிக்குக் கூட்டிப்போனான்.

டியூபைப் பார்த்ததும் டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இது கண்மணிய விரிய வைக்கிற மருந்தும்மா. டெஸ்ட் பண்றதுக்குக் குடுக்கறது. சில பேருக்கு இதப் போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பே செத்துடும். ஒருத்தர் கண்ணு மருந்த இன்னொருத்தர் போடலாமா? யாரு குடுத்தது?"

சுப்புராயன் வாயைத் திறந்தான். அம்சவள்ளி அவன் கையை அழுத்திப் பிடித்தாள். "நாங்களாதான் வாங்கிப் போட்டோம் டாக்டரய்யா," என்றாள். வேலை போய்விடுமே!

இடது கண் பிழைத்தது. வலது கண் அவிந்தே போனது.

ஒரு மாதம் கழித்து அவள் கொல்லைப்புறத்துக்குத் திரும்பியபோது கோகிலாம்பாள் அழுதாள். கெட்டவள் இல்லை, அதுதான் கொடுமை. "மீந்தத தூக்கிப் போட்டுடுங்கன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. எனக்குத்தான் மனசு வரலடி அம்சா."

அம்சவள்ளிக்கு ஆத்திரம் பொங்கியது. குப்பைக்குப் போகவேண்டியதல்லவா தன் கண்ணுக்குள் போயிருக்கிறது! நாலு வார்த்தை கேட்டுவிட நாக்கு துடித்தது. முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கோகிலாம்பாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "நேத்து மொச்சக்கொட்டக் குழம்பு மீந்துபோச்சு, புடி."

அம்சவள்ளி வழக்கம்போலத் தன் தூக்கை நீட்டினாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. தூக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கண்ணைத் துடைத்தபடியே கோகிலாம்பாள் சாய்த்த குழம்பு மொத்தமும் தரையில் கொட்டியது.

"அய்யய்யோ, இம்மாங் குழம்பும் வீணாப் போச்சே!" என்று கோகிலாம்பாள் பதறிப்போனாள்.