கறுப்பு அட்டை

...கத்துகிறவர்களுக்கு மூச்சு இருக்கிறது, அவர்கள் காத்திருக்கலாம், முன்பு பார்த்த ஆம்புலன்ஸ் வேலையில் முதல் வாரமே அவளுக்குப் பதிந்துபோன பாடம், இப்போது இந்த மீட்டிங் அறையில் விற்பனைக்காரர் மேசையைத் தட்டிக் கத்துகிறார், டெலிவரிக்காரர் அவரைவிட உரக்க, பெரிய வாடிக்கையாளர் கைவிட்டுப் போயாயிற்று, சாயங்காலத்துக்குள் ஒரு பிரிவை மூடியாக வேண்டும், எதை என்று கேட்டு முதலாளி அவளைப் பார்க்கிறார், அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, கை குளிரவில்லை, காது அடைக்கவில்லை, அதற்காகத்தானே வேலைக்கு எடுத்தார்கள்... ரத்தத்தையே பார்த்த பொண்ணு, இதெல்லாம் உனக்கு ஜுஜுபி என்று நேர்காணலில் முதலாளி சொன்னபோது சிரித்து வைத்தாளா? ஞாபகமில்லை. கவிழ்ந்த பஸ்தான் ஞாபகமிருக்கிறது. ஆளுக்கு அரை நிமிடம், மூச்சு, நாடி, கையில் ஒரு அட்டை, லேசான காயத்துக்குப் பச்சை, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், உடனே தூக்க வேண்டுமென்றால் சிவப்பு, மூச்சில்லாதவருக்குக் கறுப்பு, கட்டிவிட்டு நகர வேண்டும், அடுத்த ஆள் கிடக்கிறான்... விற்பனை மஞ்சள், டெலிவரி சிவப்பு, பேக்கிங்கிலிருந்து சத்தமே இல்லை, பேக்கிங் அக்கா மூலையில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள், எல்லோருக்கும் அக்கா, இவளுக்கும்தான். பேக்கிங்கை மூடிவிட்டு அந்த வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்று இவள் வாய் சொன்னது. சத்தம் அடங்கியது. முதலாளி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார், கல்லு மாதிரி இருக்கியேம்மா என்றார், பாராட்டுதான், போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார், மற்றவர்களும் கலைந்தார்கள்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு."

குரலில் கோபம்கூட இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றாள் இவள்.

"பாதிச் சம்பளத்துல கொஞ்ச நாள் ஓட்டிக்கறோம்னு காலையிலேயே பேக்கிங்ல எல்லாரும் பேசி வச்சிருந்தோம். இவங்க கத்தி முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

கறுப்பு கட்டுவதற்கு முன்னால் தலையைச் சாய்த்துத் தாடையை உயர்த்த வேண்டும், மூச்சுக்கு ஒரு வழி திறந்து பார்க்க வேண்டும், ஒரே ஒரு தடவை, சாலையில் ஒருநாளும் அதை விட்டதில்லையே... வராந்தாவில் முதலாளி யாரிடமோ பேக்கிங்கை மூடியாயிற்று என்கிறார், எழுந்து போய் நிறுத்தச் சொல்லலாம், அவள் போகவில்லை. வருத்தமா இது? தேடினாள், மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல், ஒன்றும் தட்டுப்படவில்லை. அங்கே அடுத்த ஆள் சாகக் கிடப்பான், அதனால் அரை நிமிடம். இங்கே சாயங்காலம் வரை நேரம் இருந்தது, இந்த அக்காவைத் தவிர வேறு யாரும் காத்திருக்கவில்லை... பின்னே யாரைக் காப்பாற்ற அப்படி ஓடினாள்?