நூற்றிருபது தாள்கள்

1.

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. இல்லை, சொல்லவில்லை, எழுதினேன். வேறொருவர் கையெழுத்தில்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘ஓர் ஊரில் ஒரு பேராசிரியை இருந்தாள். அவள் கணவர் மிகவும்…’ அந்தக் கணவர் என்னைவிட நல்லவராக வந்துகொண்டிருந்தார். அடித்துவிட்டேன்.

2.

என் மனைவி கல்லூரியில் வரலாறு நடத்தினாள். வகுப்புக்கு நாற்பது பேர். ஒவ்வொரு விடைத்தாளின் ஓரத்திலும் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பாள். மாணவர் அதற்குப் பதில் எழுதி வரவேண்டும். பிறகு ஒரே ஆண்டில் இடங்களை ஆறு மடங்காக்கினார்கள். அதற்காகக் கூட்டங்களில் தொண்டை வற்றப் பேசியவளும் அவள்தான். மாணவர்கள் வந்தார்கள். ஆசிரியை மட்டும் அதே ஒருத்தி.

“கதவைத் திறங்கன்னு கத்தினீங்களே மேடம், இப்ப சுமங்க” என்றார் சக ஆசிரியர்.

[இங்கே உயர்கல்வியின் தரம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் நகலெடுத்தவன். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு என்ன ஆயிற்று என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.]

3.

“ஏங்க, என் எழுத்தை அப்படியே எழுத வருமா உங்களுக்கு?”

“ஆத்தையும் மலையையும் நகலெடுக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா? உன் கோழிக்கிறுக்கல் எம்மாத்திரம்!”

“பீத்திக்காதீங்க. பாதியை எடுத்துக்கோங்க. மார்க்கு நான் போட்டுக்கறேன். கேள்வி மட்டும் போதும்.”

இருநூற்று நாற்பதில் நூற்றிருபது. சாப்பாட்டு மேசையில் ஆளுக்குப் பாதி. வரலாறு எனக்குத் தெரியாது. புரியாத இடத்தில் எல்லாம் ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று எழுதிவைத்தேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாததால்தான் கேட்டேன்.

(அவள் அதைக் கண்டுபிடித்த அன்று மேசையில் தலைகவிழ்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுத மூன்று முறை முயன்றேன். அவள் சிரிக்கும்போது தோள் முதலில்…)

4.

அவள் போய்ப் பதினோரு மாதம். மேசையில் இன்னும் என் பாதியில்தான் உட்காருகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை அவளுடைய பழைய மாணவி ஒருத்தி வந்தாள். குடும்பத்திலேயே கல்லூரிப் படியேறிய முதல் ஆள். பழைய நாற்பதில் இடம் கிடைத்திருக்காது. இப்போது அவளும் விரிவுரையாளர். கையில் பழுப்பேறிய விடைத்தாள். ஓரத்தில் என் கேள்வி.

“இந்த ஒரு கேள்விக்காக நாலு மாசம் ஆவணக் காப்பகத்துலயே கெடந்தேன் சார். இல்லன்னா படிப்பைப் பாதியில விட்டிருப்பேன்.”

“ம்.”

“இப்ப எனக்கு முந்நூறு பேர். முப்பது தாள் தாண்டறதுக்குள்ள கை ஓஞ்சுடுது. மேடம் ஒத்தை ஆளா அத்தனைக்கும் எழுதினாங்களே! எனக்கு அந்தத் தகுதி இல்ல சார். திங்கக்கிழமை ராஜினாமா குடுக்கறேன். அதுக்கு முன்னாடி அவங்க எழுதினது இன்னும் எதாவது இருந்தா பாக்கணும்.”

“தேடி வைக்கிறேன். ஞாயித்துக்கெழமை வாம்மா.”

5.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். அவள் வேலையில் தங்குகிறாள். அவளுடைய மேடம் போய்விடுகிறாள், இரண்டாம் முறையாக.

முடிவு இரண்டு: வாயைத் திறக்கவில்லை. மேடம் இருக்கிறாள். முந்நூறு பேருக்கு இவள் இல்லை.

முடிவு மூன்று: இருவரும் சேர்ந்து சிரிக்கிறோம். (ஆசை. அடித்துவிட்டேன்.)

இன்று ஞாயிறு. எழுதிய பக்கங்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன்: முதல் வரியிலிருந்தே என் மனைவியின் எழுத்து. என் எழுத்து எப்படி இருக்கும் என்பது எனக்கே மறந்துவிட்டது.

வாசல் மணி அடிக்கிறது. இந்தத் தாள்களை மேசையில் மனைவியின் பாதியில் வைப்பதா, இழுப்பறைக்குள் தள்ளுவதா?

ஓரம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.