ஜன்னல் வைக்க மறந்த சுவர்

கான்கிரீட் ஊற்றிய அன்று, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், லிப்ட் மெக்கானிக்கின் குரல் அவர் வீட்டு முன்சுவருக்குள் மாட்டிக்கொண்டது. ஆள் வெளியே நல்லபடியாகத்தான் இருந்தார். சாரப் பலகையிலிருந்து இறங்கினார், கைகால் கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தபோதுதான் வெறும் காற்று வந்தது. அதே நேரத்தில், அப்போதுதான் நிரம்பிய சுவருக்குள்ளிருந்து, போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டவர் கத்துவதுபோல, "நிறுத்துங்க! ஜன்னல்! ஜன்னல்!" என்று அவர் குரல் கேட்டது. கான்கிரீட் பம்பைக் கொண்டுவந்தவர் இதைக் காதால் கேட்டவர். அவருக்கு அதைப்பற்றிக் கருத்து எதுவும் இல்லை. அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதென்று குழாயைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மெக்கானிக்குக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவார், தூக்கத்திலும் கொஞ்சம் பேசுவார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பேச்சுதான் அவருக்குச் சோறு போட்டது. நடுமாடியில் லிப்ட் நின்றுவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவை உடைக்கப் பார்ப்பார்கள், அழுவார்கள், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள். ரேடியோ போய் மூடிய கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று ஆரம்பிப்பார். கை பாட்டுக்குப் பழுதைப் பார்க்கும், வாய் பாட்டுக்கு வெளியே நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். யார் வருகிறார்கள், யார் படியில் இறங்கிப் போகிறார்கள், எந்த வீட்டுக்கு எந்த நிறத்தில் சோபா வந்து இறங்குகிறது என்று எல்லாமே. கதவு திறந்ததும் சிலர் கதை பாதியில் நின்றுபோனதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு வெளியே வந்ததாகச் சொல்வார்கள்.

அவர் மனைவி ஜன்னல் திரைச்சீலை தைப்பவள். ஊரில் பாதி வீடுகளின் ஜன்னல் அளவு அவளுக்கு மனப்பாடம். அவள் குடியிருந்த வாடகை அறைகளில் மட்டும் ஒரு ஜன்னலும் சரியாக அமைந்ததில்லை. ஒன்று பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது, ஒன்று ஆணி அடித்து மூடியிருந்தது, கடைசி அறையில் ஜன்னலே இல்லை. சொந்த வீடு என்று பேச்சு வந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், அதன் கீழே தையல் மிஷின். சமையலறை எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர் விருப்பம் என்று விட்டுவிட்டாள்.

ரேடியோ ஏதோ கண்காட்சியில் புதுவிதமாக வீடு கட்டும் முறை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். செங்கல் கிடையாது. நடுவில் பொள்ளலாக இருக்கும் தெர்மாகோல் கட்டைகளைக் குழந்தைகள் விளையாட்டுப்போல ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி அடுக்க வேண்டும். பொள்ளலுக்குள் கம்பி கட்டி, மேலிருந்து கான்கிரீட் ஊற்ற வேண்டும். கான்கிரீட் நடுவில் இறுகிக்கொள்ளும், தெர்மாகோல் இரண்டு பக்கமும் போர்த்திய கம்பளியாக அப்படியே நின்றுவிடும். வெயில் உள்ளே வராது, குளிர் உள்ளே வராது, சத்தம் உள்ளே வராது என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். சுவருக்குள்ளேயே போய்விட்டது வெளியே வருமா என்று அவரும் யோசிக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவருடைய அக்கா மட்டும், டிவி வந்த அட்டைப்பெட்டியில் மிச்சமானதை ஒட்டி என் தம்பி மாளிகை கட்டுகிறான், தும்மினால் பறந்துவிடும் என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. செங்கல் சுவரில் ஜன்னலை மறந்தால் நாலு செங்கல்லைப் பெயர்த்துச் சமாளிக்கலாம். இதில் அப்படி முடியாது. அடுக்கும்போதே மரச்சட்டத்தைச் சுவருக்குள் பொருத்தி, அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட வேண்டும். ரேடியோவும் ஒழுங்காகத்தான் பொருத்தினார். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் மனைவி வந்து பார்த்தாள். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்தால் தெரு முனை திரும்புவதும் தெரியுமே என்று ஆசையாகச் சொன்னாள். அதற்கென்ன என்று சட்டத்தைக் கழற்றி வேலியில் சாய்த்து வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தெர்மாகோல் வீட்டை வேடிக்கை பார்க்க நாலு பேர் வந்தார்கள். விடுவாரா? அவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். பேச்சுக்கு நடுவே, கட்டையை எப்படிப் பொருத்துவது என்று காட்டுவதற்காகக் கையில் கிடைத்ததை எடுத்துக் காலி இடத்தில் அடுக்கினார், பார்த்தவர்களும் ஆளுக்கு ஒன்று அடுக்கிப் பார்த்தார்கள். சுவர் மூடிவிட்டது. அழகாகத்தான் இருந்தது, யாருக்கும் குறை தெரியவில்லை.

மறுநாள் பம்பு வந்தது. ரேடியோ மேலே பலகையில் நின்று, சுவரின் திறந்த வாய்க்குள் குனிந்தபடி, மெல்ல, மெல்ல, இன்னும் கொஞ்சம் என்று உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சுவர் விளிம்பு வரை நிரம்பப்போகும் நேரத்தில் தலையைத் தூக்கினார். வேலியில் சாய்ந்திருந்த சட்டம் கண்ணில் பட்டது.  மறுபடி குனிந்து அலறினார். அலறலின் மேல் கான்கிரீட் வந்து மூடியது. தவளை தன் வாயால் கெடும் என்று அக்கா பிறகு சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

வீட்டுக்குக் குடிவந்தார்கள். வேறென்ன செய்வது? சொன்னதுபோலவே வெயில் வரவில்லை, குளிர் வரவில்லை, தெருச் சத்தம் துளியும் வரவில்லை. அந்த அமைதிக்குள் முன்சுவர் மட்டும் காலையில் ஒருமுறையும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறையும் "நிறுத்துங்க! ஜன்னல்!" என்று கத்தியது. முன்னறையில் யாரும் உட்கார மாட்டார்கள். மனைவி தையல் மிஷினைப் பின்கட்டில் போட்டுக்கொண்டாள். டாக்டர்கள் ரேடியோவின் தொண்டையைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, உள்ளேதான் ஒன்றும் இல்லை என்றார்கள். லிப்ட் வேலைக்கு அவர் தொடர்ந்து போனார். மாட்டிக்கொண்டவர்களிடம் பேச முடியாமல் கதவைத் தட்டிக்கொண்டே பழுது பார்த்தார். அந்தச் சத்தத்தில் அவர்கள் இன்னும் பயந்தார்கள். மாலையில் வந்து சுவரில் காதை வைத்து நிற்பார். குரல் கத்தும்போது அவர் உதடும் சேர்ந்து அசையும், ஆனால் ஒரு நொடி தாமதமாக. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

ஒரு பெண் குழந்தை பிறந்தது. அது முதலில் பேசிய வார்த்தை ஜன்னல், இரண்டாவது நிறுத்துங்க. மூன்றாவதாக அப்பா என்றது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்பா எங்கே என்று அத்தை கொஞ்சியபோது, ரேடியோவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டே அது முன்சுவரைக் கைகாட்டியது. ரேடியோ குழந்தையை இறக்கி விட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் சுவர் அறுக்கிற ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சுவரைக் காட்டினார், தன் தொண்டையைக் காட்டினார், மனைவியைக் காட்டினார், காற்றில் ஒரு பெரிய சதுரம் போட்டார். அவளுக்குப் புரிந்தது. ஜன்னலும் வந்துவிடும், குரலும் வந்துவிடும். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எந்த இடம் என்று அறுக்கிறவர் கேட்டதற்கு, தெரு முனை தெரியும்படி இடப்பக்கம் தள்ளி, அவளே சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள்.

உள்பக்கத்துத் தெர்மாகோல் வெண்ணெயாக அறுந்தது. கத்தி கான்கிரீட்டைத் தொட்டதும் சுவர், "யாரது?" என்றது. வந்த ஆள் அறுக்கும் மிஷினை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார். ரேடியோ தலையசைத்தார். கத்தி மறுபடி சுற்றியது. சாம்பல் நிறத் தூசி பறந்தது, குரல் கரகரத்தது. ரேடியோ தொண்டையைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டார். கத்தியை எடுத்ததும் மூச்சு வந்தது, வைத்ததும் நின்றது. அவர் கை மட்டும், அறு, அறு என்று சைகை காட்டிக்கொண்டே இருந்தது. முகம் நீலம் பாய்ந்துவிட்டது. அவள் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னம்மா, பாதியில நிறுத்தச் சொல்றீங்க?"

"போதும்ங்க. எனக்கு ஜன்னல் வேணாம். எனக்கு இந்த மனுஷன் போதும்."

அந்த ஆள் போன பிறகு, சாக்பீஸ் கோட்டுக்குள் விழுந்திருந்த ஒரு முழ நீளக் கீறலுக்குள்ளிருந்து சுவர் திக்கித் திக்கிக் கத்தியது. நிறுத்துங்க, ஜன்னல், நிறுத்துங்க. வீட்டுக்குள் வந்து இத்தனை நாளில் அவள் அந்தக் குரலுக்குப் பதில் சொன்னதே இல்லை. கோபம் இருந்தது. பயமும் இருந்தது. இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது, இதுவும் நடுமாடியில் மாட்டிக்கொண்ட ஒன்றுதானே. கீறலில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். சுவர் கத்துவதை நிறுத்தியது. கொஞ்சம் பொறுத்து, சாவகாசமான பழைய குரலில், "தண்ணி லாரி வருது" என்றது. "பின்னாடி ஒரு நாய் ஓடுது. டிரைவர் புது ஆளு போல." அவள் வாசலுக்கு ஓடினாள். தண்ணி லாரி, நாய், புது டிரைவர், எல்லாம் இருந்தன.

அதற்குப் பிறகு அந்தச் சுவர் கத்தவில்லை. அவள் தையல் மிஷினை முன்னறைக்கு நகர்த்தினாள். தன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தனக்கென்று ஒரு திரைச்சீலை தைத்து, சாக்பீஸ் சதுரத்தின் மேல் மாட்டினாள். காலையில் அதை ஒதுக்கிவிட்டால் சுவர் பேச ஆரம்பிக்கும், விளக்கு வைத்ததும் இழுத்து மூடினால் ஓய்ந்துவிடும். பள்ளிக்கூட வேன், கோணல் சைக்கிள்காரர், தெரு முனையில் சண்டை போடும் அண்ணன் தம்பி, அவ்வளவும் அவளுக்குத் தெரிந்தது. தெருக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது தலையைச் சீவிக்கொண்டு நடக்கப் பழகினார்கள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்த ரேடியோ, வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்று, பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். உள்ளே சுவர், "ஒரு ஆளு நிக்கிறாரு. முன்மண்டை வழுக்கை. கையில ஆரஞ்சு வெச்சுக்கிட்டு இங்கயே பாக்குறாரு, எதுக்குன்னு தெரியல" என்றது. மிஷினில் உட்கார்ந்திருந்தவள் சிரித்த சிரிப்பில் ஊசி உடைந்தது. அன்றிலிருந்து அது வழக்கமானது. அவர் வெளியே நின்று செய்வார், அவர் குரல் உள்ளே சொல்லும். அவள் கோபித்துக்கொண்ட நாளில் கைகூப்பி நிற்பார், சம்பளம் உயர்ந்த நாளில் ஆடுவார். இப்படியே புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை வருடக்கணக்கில் நடந்தது. அந்த ஆள் யாரென்று குரலுக்குத் தெரியவே இல்லை. அவளும் சொல்லவில்லை. குரல் இளமையாகவே இருந்தது, ஆள் கிழவரானார். "வழுக்கைக்காரருக்கு முட்டி வலி போல, பாவம்" என்று அது பரிதாபப்படும். அதைக் கேட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், வேறு ஊரில் குடியேறினாள். ரேடியோ ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. வண்டி வந்து அவரை எடுத்துக்கொண்டு போனபோது, திரைச்சீலையை மூட யாருக்கும் நினைவில்லை. "பூ போட்ட வண்டி போகுது" என்றது சுவர். "யாரோ நல்ல மனுஷன் போல. கூட்டம் தெரு முனை வரைக்கும் இருக்கு. உள்ள யாருன்னு இங்கிருந்து தெரியல." அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மனைவி அழவில்லை. வண்டி தெரு முனை திரும்புவதை அது சொல்லும்வரை கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள்.

அடுத்த சில நாட்கள் மாலையானால் குரல், அந்த வழுக்கைக்காரரக் காணோமே என்று கேட்டது. வேலையா இருப்பாரு என்று முதலில் சொன்னாள். பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டாள். துணைக்கு வந்து தங்கியிருந்த மகள், அம்மா, இந்த வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துடு, இதக் கேட்டுக் கேட்டு உனக்கு ஏதாவது ஆயிடும் என்று மன்றாடினாள். அவளுக்கும் போய்விடலாம் என்றுதான் இருந்தது. குரல் அங்கே வரப்போவதில்லை, அவரும் இங்கே வரப்போவதில்லை. பெட்டிகூடக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. கடைசியாகத் திரைச்சீலையைக் கழற்ற அவள் ஸ்டூலில் ஏறியபோது சுவர் சொன்னது.

"வந்துட்டாரு. வேலிகிட்ட நிக்கிறாரு. முட்டி சரியாயிடுச்சு போல, நல்லா நிக்கிறாரு. கையில ஆரஞ்சு."

மகள் வாசலுக்கு ஓடினாள். வேலி வரை போய், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"அம்மா, அங்க யாருமே இல்லம்மா."

அம்மா அதற்குள் ஸ்டூலிலிருந்து இறங்கி, திரைச்சீலையை முழுவதும் ஒதுக்கிவிட்டு, முடியைச் சரிசெய்துகொண்டு மிஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"வாசல்ல போய்ப் பாத்தா எப்படித் தெரியும்?" என்றாள். "இங்க வா. ஜன்னல்ல பாரு."

மகள் வந்து பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தாள். பழத்தை உரிக்கிறார் என்று சுவர் சொன்னது. சற்று நேரத்தில் முன்னறையில் ஆரஞ்சு வாசனை வந்தது. பெட்டியை மறுபடி உள்ளே எடுத்து வைத்தார்கள்.