மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்த பாலிசி

மகள் தமிழ்நிலாவைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே பொன்னுத்தாய்க்குக் குணசேகரனைப் பிடிக்காமல் போயிற்று. கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமாவுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்ட மாப்பிள்ளை நன்னிலம் வட்டாரத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். என்ன அக்கறை என்று, சர்க்கரைக்கு மாத்திரை போடும் அவள் கணவர் வைரக்கண்ணு உருகிப்போனார். கேட்டவன் தனியார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்பதை அவள் மறக்கவில்லை.

கல்யாணம் முடிந்து போட்ட கறிவிருந்து செரிப்பதற்குள் மாமனாரை ஒரு பாலிசியில் சேர்த்துவிட்டான்.

பொன்னுத்தாய் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தவள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்க ஊரில் பாதிப்பேரைத் திருவாரூருக்கு வேன் வைத்துக் கூட்டிப்போனவள். தன் வீட்டுக்காரரை மட்டும் அவளால் அசைக்க முடியவில்லை.

"அதெல்லாம் இல்லாதவங்களுக்கு மாமா. நீங்க நிலம் வச்சிருக்கிற ஆளு. அந்த அட்டையக் காட்டினா வராந்தாவுலதான் படுக்கப் போடுவான்" என்று மருமகன் ஓதியிருந்தான்.

நிலமாம். ஆற்றில் தண்ணீர் வந்தால் நெல், வராவிட்டால் புல் என்று கிடக்கும் மூன்று மா, மொத்தமே ஒரு ஏக்கர்.

"நிலம் இருக்கான்னு பாக்கலைங்க, வருச வருமானம் எவ்வளவுன்னுதான் பாக்குறாங்க. நம்ம வருமானத்துக்குத் தாராளமா கிடைக்கும்" என்றாள் பொன்னுத்தாய். "எழுபது வயசானவங்களுக்கு வருமானமே கேக்காம தர்ற மத்திய அரசு அட்டையும் ஒண்ணு இருக்கு. நீங்கதான் ஆதார் எடுக்கையில பொறந்த வருசத்தை வாய்க்கு வந்தபடி சொல்லிட்டு, இன்னமும் அறுபத்தெட்டுலயே நிக்கிறீங்க."

"மாப்பிள்ளை மனசு நோகும்டி" என்றார் வைரக்கண்ணு. மாப்பிள்ளையின் மனசு அவ்வளவு மெல்லிசு.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது வைரக்கண்ணு மார்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர்.

குணசேகரன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்து சேர்ந்தான். "கவலைப்படாதீங்க அத்தை. எல்லாம் கேஷ்லெஸ்."

மாலைக்குள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சர்க்கரை நோயை மறைத்து எடுத்த பாலிசி, செல்லாது.

"யாரு மறைச்சது?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"அது... எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது அத்தை. இல்லன்னா சீக்கிரம் பாஸாகாது."

நண்டு வளை வைத்துத் தண்ணீர் ஒழுகும் வரப்பைப் பார்ப்பதுபோல அவனை அவள் பார்த்தாள். போன் பேசுகிற சாக்கில் வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

அவளே எழுந்து காப்பீட்டுப் பிரிவுக்குப் போனாள். மருத்துவமனை அரசுத் திட்டத்தில் இருந்தது, அந்தச் சிகிச்சையும் இருந்தது. அட்டை மட்டும்தான் இல்லை. அவர் உள்நோயாளி என்பதற்கு அங்கேயே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டாள். மகள் தமிழ்நிலாவை அப்பாவுக்குத் துணையாக வைத்துவிட்டு, விடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறினாள். பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி ரேஷன் கார்டையும் ஆதாரையும் பையில் போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் முன்கூட்டியே வந்து நின்றாள்.

"அழுவாத பொன்னு."

"யாரு அழுவுறா? அந்தப் பயல நினைச்சுப் பல்லக் கடிச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள் பொன்னுத்தாய். அது உண்மைதான். கடிப்பதை விட்டால் அழுகை வந்துவிடும் என்பதும் உண்மைதான்.

வி.ஏ.ஓ.வை வயலிலேயே மடக்கி வருமானச் சான்று வாங்கினாள். திருவாரூர் கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில், நோயாளி படுக்கையில் கிடக்கிறார் என்று கடிதத்தைக் காட்டியதும் வரிசையை விலக்கி உட்கார வைத்தார்கள். அவள் தஞ்சாவூருக்குத் திரும்புவதற்குள் அட்டை எண் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் ஒப்புதல் வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். வராந்தாவில் அல்ல, மின்விசிறிக்கு நேர்கீழே நல்ல கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

ஆபத்து நீங்கிய செய்தி எட்டியதும் குணசேகரன் ஆப்பிள் பையோடு வந்தான். மாமனார் தோளைத் தொட்டபடி செல்ஃபி எடுத்தான். சற்று நேரத்தில் தமிழ்நிலா அம்மாவிடம் தன் போனை நீட்டினாள். வாட்ஸ்அப்பில் அவன் ஸ்டேட்டஸ்: 'மாமா நலம். சரியான நேரத்தில் சரியான காப்பீடு. தொடர்புக்கு...' கீழே அவன் நம்பர்.

"மாப்பிள்ளை, அதுல என் நம்பரையும் போடுங்க" என்றாள் பொன்னுத்தாய். "எந்தக் காப்பீடுன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் அவசரமாக அதை அழித்தான். தமிழ்நிலா அவனைப் பார்க்காமல் அப்பாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

"ஏண்டி, அவரு வெயில்ல வந்திருக்காரு" என்றார் வைரக்கண்ணு ஈனக் குரலில். "ஒரு காபி வாங்கியாந்து குடேன்."

இந்த மனுசனுக்கு இதயத்தைத் திறந்துவிட்டார்கள், கண்ணை யார் திறப்பது? பொன்னுத்தாய் கேன்டீனுக்குப் போய் ஒரு காபி வாங்கி வந்தாள். மருமகன் கையை நீட்டினான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிதானமாக ஆற்றித் தானே குடித்தாள்.